மருந்தெடுத்த மழைநாள்

பாப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கிய பிறகுதான் வயிறு ஏறி இறங்கியது.

வீரம்மா அதை முதலில் கண்டது ஒரு மத்தியானத்தில். மரவள்ளிக்கிழங்கைச் சீவி வாசல் தகரத்தில் காயப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், பாயில் உறங்கிக் கிடந்த மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தூங்குகிற பிள்ளைக்கு நெஞ்சும் வயிறும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பெற்றவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகு, மூக்கில் காற்றே இல்லாத அந்த இடைவெளியில், வயிறு மட்டும் தனியாக மெல்ல உப்பிப் பிறகு அமுங்கியது. ஒரே வாசலில் ஒருவர் போய் வரட்டும் என்று இன்னொருவர் ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது.

"பாப்பா" என்றாள்.

பிள்ளை கண் திறக்கவில்லை. வயிறு மட்டும் சட்டென்று நின்றது.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அந்த நாட்களில் பகலுக்கும் வெளிச்சம் போதாது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து பாலெடுக்க மரம் வெட்டுவார் இல்லை. ஜப்பான்காரனுக்கு ரப்பர் பால் வேண்டியிருக்கவில்லை, ஆள்தான் வேண்டியிருந்தது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி நின்ற ரப்பர் மரங்களுக்கடியில் புதர் இடுப்பளவு ஏறிவிட்டது. உச்சிவெயிலிலும் அங்கே அந்திக் கருக்கல்தான். ரப்பர் காய்கள் வெடித்துக் கூரைத் தகரத்தில் விழும்போதெல்லாம் யாரோ விரலால் தட்டுவதாகத் தோன்றும். வீரம்மாவின் புருஷன் சன்னாசியை சயாம் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்தத் தட்டல் இன்னும் பலமாகக் கேட்டது. அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவளுக்கு மிஞ்சியது ஏழு வயது பாப்பாவும் பாப்பாவின் வயிற்று வலியும்தான்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு வந்த வலி அது. தொப்புளைச் சுற்றிப் பிடிக்கும். பிள்ளை முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொள்ளும், உதடு வெளுக்கும், நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் வந்த மாதிரியே போய்விடும். பாப்பாவும் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல விளையாடப் போய்விடுவாள். வலி வருகிறபோது இருந்த பயத்தைவிட, அது அப்படிப் போகிறபோதுதான் வீரம்மாவுக்குப் பயம் அதிகம். எங்கே போகிறது? போய் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"பூச்சிதான். எம்மவனுக்கும் இப்பிடித்தான் கெடந்துச்சு. பப்பாளி வெதய அரைச்சுக் குடு."

"கெழங்கையே தின்னா எந்த வயிறு தாங்கும்? நல்லா ஊறப்போட்டுத் தண்ணிய ஊத்திட்டு அவி."

"கொடல் ஏறியிருக்கும்லா. தலைகீழாப் புடிச்சு ஒரு ஒதறு ஒதறு, எறங்கிடும்."

பப்பாளி விதைக்குப் பூச்சி விழுந்தது, வலி விழவில்லை. கிழங்கைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாள். தன் பங்குக் கஞ்சியையும் பிள்ளைக்கே ஊற்றினாள். பக்கத்து லயத்துக் கிழவர் பாப்பாவைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினார். பிள்ளை கிச்சுகிச்சு மூட்டியதுபோலச் சிரித்தது. கிழவர் இறக்கி விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என்னாம்மா, எலும்புந்தோலுமா இருக்கு, இந்தக் கனம் கனக்குது?"

அன்றுதான் வீரம்மா பிள்ளையைத் தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரசர் ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டிரசர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் மருந்துப் புட்டிகளையும் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போன பிறகும், மாவுச் சாக்கில் தைத்த கால்சட்டையோடு அந்த வெற்றுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய் ஒன்று மட்டும் அவரிடம் தப்பியிருந்தது.

"எங்க நோகுது, பிள்ளை?"

பாப்பா தொப்புளைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள்.

"சத்தி எடுக்கிறியோ?"

பிள்ளை முழித்தது. "வாந்தி வருதான்னு கேக்குறாருடி" என்றாள் வீரம்மா. பாப்பா தலையை ஆட்டி இல்லை என்றாள்.

அவர் வயிற்றை அழுத்தினார், தட்டினார், வெளிச்சத்தில் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வீரம்மா பக்கம் திரும்பினார்.

"வயித்து நோவுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. பூச்சி மிச்சம் இருக்கலாம். கிழங்கின்ர நஞ்சா இருக்கலாம். மூத்திரப் பையில சூடு இருக்கலாம், குடலுக்குள்ள கழலை இருக்கலாம். ஒண்டும் இல்லாமலும் நோகும். கவலைய வயித்தில கொண்டு திரியிற பிள்ளையள நான் கனபேரக் கண்டிருக்கிறன்."

"இதுக்கு என்னா கவல ஐயா, இந்த வயசுல?"

"தகப்பன் சயாமில. கூடித் திரிஞ்ச பெட்டை காய்ச்சல்ல செத்துப்போச்சு. இன்னும் என்ன வேணும்?"

சொல்லிக்கொண்டே குழாயைக் காதில் மாட்டி நெஞ்சில் வைத்தார். பிறகு வயிற்றில் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். மறுபடி நெஞ்சு, மறுபடி வயிறு. வெளியே ஒரு காய் வெடித்து விழுந்தது. அவர் அசையவில்லை. கடைசியில் குழாயைக் கழற்றிக் காதுமுனையைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னாங்கய்யா?"

"ஒண்டுமில்ல. என்ர காது பழசாப்போச்சு." பிறகு பிள்ளையிடம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். "உள்ளுக்க என்ன செய்யுது, அம்மாச்சி?"

"இடிக்குது."

"எது இடிக்குது?"

"படுக்க எடம் பத்தல. அதான்."

கார்த்திகேசு சிரித்தார். கண் சிரிக்கவில்லை. கொஞ்சம் வெள்ளைப் பொடியை மடித்துக் கொடுத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்திருக்காது என்றார். வாசல்வரை வந்தவர் வீரம்மாவை மட்டும் நிறுத்தினார்.

"கேள் பிள்ளை. மருந்தெடுக்கிறன் எண்டு வாற ஆக்களிட்ட மட்டும் போயிடாத. கடவாய்க்குள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருந்து, வயித்தால உறிஞ்சி எடுத்தம் எண்டு துப்பிக் காட்டுவினம். தெரியுந்தானே?"

தெரியும் என்று தலையாட்டினாள். அந்த நினைப்பே அதுவரை அவளுக்கு இல்லை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

பாப்பாவோடு கூடித் திரிந்த பெண் அஞ்சலை. அடுத்த அறை மாரியம்மாவின் ஒரே மகள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. இருந்தது ஒரே ஒரு போர்வை. ஒரே பாயில் சேர்த்துப் போட்டுப் போர்த்திவிட்டு, இரண்டு தாய்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் அஞ்சலை விறைத்துக் கிடந்தாள். அவள் கை பாப்பாவின் இடுப்பைச் சுற்றியிருந்தது, முகம் பாப்பாவின் வயிற்றில் புதைந்திருந்தது. பிரித்தெடுக்கப் பட்ட பாடு! பாப்பாவின் உடம்போ அப்போதே சில்லென்று வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. கோடித்துணிக்கு வழியில்லாமல் அஞ்சலையைச் சாக்கில் சுற்றிப் புதைத்தார்கள்.

அதற்கப்புறம் பாப்பா எந்நேரமும் மாரியம்மா வாசலில்தான் கிடந்தாள். தாய் ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். மாரியம்மா கையால் உருட்டிக் கொடுத்தால் கலயம் காலியாகும். வலி எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டு அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான், அதுவும் கூரைவரை எட்டாது. பிள்ளை அந்தப் பக்கம் உண்டு சிரிக்கிற சத்தத்தை வீரம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பாப்பா இடக்கையால் சாப்பிட்டாள். "கைய மாத்துடி" என்று வீரம்மா அதட்டினாள். பிள்ளை தன் கையையே வேடிக்கை பார்த்துவிட்டு, "இதுதான வரும்" என்றது. இடக்கைப் பழக்கம் அஞ்சலைக்கு.

ஆற்றில் சாக்குத்துணியை அடித்துத் துவைக்கும்போது பெண்கள் அடங்கின குரலில் பேசினார்கள்.

"இட்டுட்டாடி. சோத்துல வச்சு இட்டுட்டா."

"புள்ளயப் பறிகுடுத்தவ பின்ன என்னா பண்ணுவா? இடுமருந்து வயித்துல ஒட்டிக்கிட்டா கரையாது. வலிக்கும். ஆனா இட்டவள விட்டுப் போகவுடாது. பெத்தவளையே மறக்கடிச்சுரும்."

"மேட்டு டிவிசன்ல இருளாயி இருக்கால்ல? அவ எடுப்பா."

வீரம்மா துவைக்காமலே துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மாரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்புள்ளைக்கு என்னாடி குடுக்குற?"

"கஞ்சிதான்க்கா."

"கஞ்சியில?"

"உப்பு. அதுவும் இருந்தா."

"நக்கலு வேறயா? ஒம்புள்ள போயிட்டா எம்புள்ளய வளைச்சுக்குவியா நீ?"

மாரியம்மா கீரையைக் கீழே வைத்தாள். அவள் அழுதிருந்தாலோ திருப்பி ஏசியிருந்தாலோ வீரம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் கூப்புடலக்கா. அவளா வாரா. சில நேரம் நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கேன். மாரியாத்தா மேல சத்தியமா. எனக்கே பயமா இருக்குக்கா."

"ஒனக்கு என்னாடி பயம்?"

"அஞ்சலைக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதெல்லாம் பேசுறா."

"நடிக்காத" என்றாள் வீரம்மா. அன்றைக்கே மேட்டு டிவிசனுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

இருளாயி வந்தது ஒரு மழைநாளில், மத்தியானக் கஞ்சி வேளை தாண்டி. காலையிலிருந்தே மழை. தகரக்கூரை இரைந்த இரைச்சலில் அடுத்த அறைச் சத்தம்கூட அமுங்கிப் போயிருந்தது. கதவைச் சாத்தியதும் அறைக்குள் அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். ஈரச் சாக்கு வாடை, புகை, இருளாயி மென்ற வெற்றிலை வாடை. அவளுக்குக் கூலியாக, பாகான் செராய் ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த அரிசியில் மிச்சமிருந்த ஒரு சிரட்டையை வீரம்மா எடுத்து வைத்திருந்தாள். இருளாயி அதில் விரலை விட்டு அளைந்து பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டாள்.

அவளுடைய இடது கன்னம் சற்றே புடைத்திருந்தது. வெற்றிலை அந்தப் பக்கம் இல்லை. வீரம்மா கவனித்தாள், டிரசர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பொய்யாக எடுத்தாலும் சரி, எடுத்துவிட்டது என்று பிள்ளை நம்பினால் போதும் என்று நினைத்தாள். பிள்ளை நம்பாவிட்டாலும் தானாவது நம்பலாம் என்று நினைத்தாள்.

"அடுப்ப நல்லா எரிய வுடு" என்றாள் இருளாயி. "வந்தத ஒடனே நெருப்புல போட்டுறணும். பெத்தவ கையாலதான் போடணும். அப்பத்தான் மறுபடி ஒட்டாது."

பாப்பாவைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருளாயி முற்றத்து மரத்திலிருந்து ஒடித்து வந்த பப்பாளி இலைக்காம்பின் இரு முனையையும் கிள்ளி ஊதிப் பார்த்தாள். குழல்போலக் காற்று போனது. அதன் ஒரு முனையைத் தொப்புளில் பதித்தாள்.

"அம்மா" என்றாள் பாப்பா. "எடுக்க வேணாம்மா."

"வலிக்காது கண்ணு. எடுத்துட்டா சரியாப்போயிரும்."

"அது இல்லம்மா. அவ கெட்டியாப் புடிச்சிருக்கா. நான் லேசா இருக்கேன்." பிள்ளையின் விரல்கள் வீரம்மாவின் சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்தன. "இழுத்தா நாந்தான் வருவேன்."

வீரம்மா இருளாயியைப் பார்த்தாள்.

"இது என்னா பேசுது?" என்றாள்.

"மருந்து பேசும்" என்றாள் இருளாயி, அலுத்த குரலில். நூறு வீட்டில் சொல்லிப் பழகிய பேச்சு அது. "வெளிய வர்றப்போ புள்ள மாதிரியே பேசும். அழும், கெஞ்சும். பெத்தவ எளகக் கூடாது. கையப் புடி, அமுக்கிப் புடி."

சேலைத் தலைப்பைப் பிடித்த விரல்கள் சின்னச் சின்ன விரல்கள். நகத்தில் மண். வலக்கை விரல்கள். வீரம்மா அதைக் கண்டாள். கண்டும் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் பாயோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருளாயி உறிஞ்சினாள்.

மழை இரைந்தது. காம்புக்குள் காற்று சீறியது. இருளாயியின் கன்னங்கள் குழிந்தன, புடைத்தன, குழிந்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகலைத் தருவித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, தலையை ஆட்டி, சட்டென்று நிமிர்ந்து வாழையிலையில் துப்பினாள். கறுப்பாக, கொட்டைப்பாக்களவு ஒரு உருண்டை. நான்கைந்து மயிர் சுற்றியிருந்தது. வெற்றிலைக் காவி படிந்திருந்தது.

"பாத்தியா?"

வீரம்மாவுக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. இவ்வளவுதான். டிரசர் சொன்ன அதே பொய். அவள் பிடியைத் தளர்த்தி, உருண்டையை எடுக்கக் கை நீட்டினாள். ஒரு சம்பிரதாயத்துக்கு, இன்னும் ஒரு தடவை என்று இருளாயி மறுபடி குனிந்து காம்பில் வாயை வைத்தாள்.

வைத்த வாயை அவளால் எடுக்க முடியவில்லை.

முதலில் வீரம்மாவுக்குப் புரியவில்லை. நடிப்பு இன்னும் முடியவில்லை என்றுதான் நினைத்தாள். பிறகுதான் இருளாயியின் கண்ணைப் பார்த்தாள். அகலத் திறந்திருந்தது. கைகள் தரையில் ஊன்றித் தள்ளின. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அவள் உறிஞ்சவில்லை. மூச்சே விடவில்லை. ஆனாலும் பச்சைக் காம்பின் அடிப்பக்கம் உப்பியது. உப்பல் மெல்ல மேலே ஏறியது. நின்றது. பின்னுக்குச் சரிந்தது. மறுபடி ஏறியது.

பாப்பா அலறவில்லை. கூரையைப் பார்த்துக் கிடந்தாள். கண்ணோரம் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

காம்பு பிளந்தது.

இருளாயி பின்னால் சாய்ந்து விழுந்து, இருமி, உமிழ்ந்தாள். இலையில் விழுந்தது வெள்ளையாக இருந்தது. கட்டைவிரல் பருமன். அப்போதுதான் உறைந்த ரப்பர் பால்போல மழுமழுவென்று, இளஞ்சூட்டில் ஆவி பறக்க. மயிர் இல்லை. காவி இல்லை. இலையின் மேல் அது தன்னைத்தானே சுருட்டிக்கொண்டது.

"இது நான் வச்சதில்ல" என்றாள் இருளாயி.

குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. வீரம்மா அவளைப் பார்த்தாள்.

"ஆத்தா, இது நான் வச்சதில்ல. நான் வச்சது அந்தக் கறுப்பு. இது... இது தானா வந்துச்சு. நெருப்புல போடாத. வேணாம். டிரசரக் கூப்புடு. யாரையாச்சும் கூப்புடு."

ஆனால் வீரம்மாவின் காதில் அதில் பாதிதான் விழுந்தது. இத்தனை மாதமும் தன் பிள்ளையைத் தின்றது இதுதான். நிஜமாகவே இருந்திருக்கிறது. பெத்தவ எளகக் கூடாது. மறுபடி ஒட்டிவிடும். ஒட்டிவிட்டால்? அவள் இலையோடு அள்ளினாள். கைக்குள் அது துடித்தது. அடுப்பருகே போகிற அந்த ஒரு நொடியில் ஒரு வாசனை வந்தது. பிறந்த பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்தால் வருமே, அந்த வாசனை. எண்ணெயும் பாலும் தூக்கமும் கலந்த வாசனை. கை அதற்குள் வீசிவிட்டது.

நெருப்பில் விழுந்தது.

இருளாயி கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடினாள். மடியில் கட்டிய அரிசி வாசலெல்லாம் சிந்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீரம்மா மகளிடம் ஓடிவந்தாள். பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒட்டியிருந்தது. மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. முகத்தில் வலியின் சாயலே இல்லை. அவ்வளவு தெளிவான முகத்தை அவள் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்ல." பிள்ளை இடக்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டது. அறையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு, வேற்று வீட்டில் உறங்கி எழுந்த பிள்ளையின் கூச்சத்தோடு கேட்டது.

"பெரியம்மா, எங்கம்மா எங்க?"

வீரம்மா அந்த இடக்கையையே பார்த்தாள்.

"பசிக்குது பெரியம்மா. நான் வீட்டுக்குப் போறேன்."

எழுந்தது. நடந்தது. வாசல் நிலையைத் தாண்டி, மழைச் சாரலில் நனைந்துகொண்டே அடுத்த கதவைத் தட்டியது. கதவு திறக்கும் சத்தம். பிறகு மாரியம்மாவின் குரல், முதலில் ஒரு கேவல், பிறகு திரும்பத் திரும்ப ஒரே பேர். அஞ்சல. அஞ்சல. அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியாது. பிள்ளை மட்டும் சாதாரணமாகப் பேசியது. கஞ்சி இருக்கா என்று கேட்டது.

அடுப்பில் ஏதோ சத்தம் கேட்டது.

விறகு வெடிக்கிற சத்தமில்லை.

"அம்மா."

வீரம்மா திரும்பினாள். தணலுக்கு நடுவே அது கிடந்தது. கருகவில்லை. உருகவும் இல்லை. நெருப்பு படாத பக்கத்துக்கு ஒதுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை.

"அம்மா, சுடுது."

அவள் கொள்ளியைத் தள்ளவில்லை. குச்சி தேடவில்லை. கையை உள்ளே விட்டாள். தோல் பொசுங்கும் வாடை வந்தது, அது தன் தோல் என்று பிறகுதான் தெரிந்தது. தணலோடு சேர்த்து அள்ளி வெளியே எடுத்தாள். ஊதினாள். சாம்பலைத் தட்டினாள். உள்ளங்கையில் அது மழையில் நனைந்த குஞ்சுபோல நடுங்கியது.

"இதோ. இதோ கண்ணு. அம்மாதான். அம்மா இருக்கேன்."

நடுக்கம் குறைந்தது. ஆறிக்கொண்டிருந்தது. ஆற ஆற, துடிப்பும் தள்ளித் தள்ளி வந்தது. காற்று ஆகவில்லை அதற்கு. வெளி ஆகவில்லை. எங்கே வைப்பது? இலையிலா? சட்டியிலா? சேலையில் சுற்றியா? பக்கத்து அறையில் பிள்ளை கஞ்சி உறிஞ்சியது. அந்த உடம்புக்குள் இனி இடமில்லை. அங்கே கதவைச் சாத்தியாகிவிட்டது. ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு துடிப்பு. எங்கே வைப்பது?

அதை அவள் முன்பு வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. பத்து மாதம் பத்திரமாக வைத்திருந்த இடம்.

வீரம்மா வாயைத் திறந்தாள்.

நாக்கு வெந்தது. தொண்டை அடைத்தது. அது உள்ளே போக மாட்டேன் என்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது, பிறகு அவளை அறிந்துகொண்டதுபோலப் பிடியை விட்டது. இறங்கியது. நெஞ்சுக்கூட்டை உரசிக்கொண்டு, மெல்ல, மெல்ல இறங்கியது. அவள் வெந்த இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமக் கூடாது. குமட்டக் கூடாது. மூச்சுகூட மூக்கால்தான்.

மழை விட்டுவிட்டது. திறந்து கிடந்த கதவில் மாரியம்மா வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயோரம் கஞ்சி ஒட்டியிருக்க, அந்தப் பிள்ளை நின்றது.

"அக்கா" என்றாள் மாரியம்மா. "இவ என்னா சொல்றா பாருக்கா. ஒம்புள்ள எங்கக்கா? பாப்பா எங்க?"

வீரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. வாயின் மேல் இரண்டு கைகளும் இறுகப் பதிந்திருந்தன. உதடு அசையவில்லை. சேலைக்கடியில் அவள் வயிறு தனியாக ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குள்ளிருந்து, வாசல்வரை கேட்கும்படி, குரல் வந்தது.

"அம்மா, இருட்டா இருக்கும்மா."